நூற்றுக்கு நாற்பத்தொன்று

பெருநகர்
2-5-2025

அன்புள்ள தமிழரசா,

செவ்வாய்க்கிழமை ஃபோனில் நீ கேட்டபடி எழுதி அனுப்புகிறேன். "மாமா, வாயால சொல்றத நான் எடுத்துக்க மாட்டேன். எழுதிக் குடுங்க. நானும் எழுதியே பதில் சொல்றேன்" என்று வைத்துவிட்டாய். அதன் பிறகு மணி அடிக்கிறது, நீ எடுப்பதில்லை. முப்பத்துநான்கு ஆண்டு கரும்பலகையோடு வாழ்ந்தவனுக்கு எழுதுவது ஒன்றும் தண்டனை இல்லை.

எழுத்தில் கேட்டதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்து எழுதுகிறேன். உத்திரமேரூர் நூலக வாசகர் வட்டம் இந்த ஆண்டு ஒருவரை ஊடகப் பயிற்சிக்கு அனுப்புகிறது. தேர்வானவள் நதியா. எங்கள் ஊர் ஓரத்துக் குடியிருப்பில் ரங்கன், சரசு என்று இருக்கிறார்களே, அவர்கள் மகள். வரலாற்றில் பட்டம் முடித்துவிட்டு அம்மாவோடு நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறாள். சென்ற மழைக்காலத்தில் அவர்கள் தெருவில் சாய்ந்து கிடந்த மின்கம்பத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து, தானே பேசி, ஊரெல்லாம் அனுப்பினாள். நான்காம் நாள் கம்பம் நிமிர்ந்தது. ஒரு வருடம் கூலியை விட்டுவிட்டு அவள் படிக்க வீட்டில் சம்மதம் வாங்கியிருக்கிறோம். அந்தச் சம்மதம் இரண்டாம் முறை கிடைக்காது. போகிற இடம் உதவாத இடமாக இருந்தால் அவள் வருடம் போனது போனதுதான். அதனால் எந்தப் பயிற்சி தரமானது என்று பார்த்துச் சொல்லும்படி வட்டம் என்னைக் கேட்டது.

மூன்று தனியார் பயிற்சிகளைப் பார்த்தேன். காஞ்சிபுரத்தில் பலகை மட்டும் இருந்தது. உள்ளே தையல் வகுப்பு. "ஊடகமா? அது போன வருசத்தோட போச்சு சார். வூட்ல யாருக்காச்சும் பிளவுஸ் தைக்கக் கத்துக்கணுமா?" என்று அந்த அம்மா கேட்டார். தாம்பரத்தில் குளிர்பதன அறை, பச்சைத் திரை போட்ட ஸ்டுடியோ, முப்பது மாணவர்கள், வருகைப் பதிவேடு, பாடக்குறிப்பு எல்லாம் சுத்தம். ஆசிரியர் கேட்கக் கேட்க மாணவர்கள் பட்டென்று பதில் சொன்னார்கள். எண்பத்தாறு கொடுத்தேன்.

செங்கல்பட்டில் உன் இடம். சைக்கிள் கடை மாடி. திங்கட்கிழமை பத்தரை மணிக்குப் பதினான்கு பேரில் நான்கு பேர்தான் இருந்தார்கள். பதிவேடு கேட்டேன். "எல்லாம் மனசுல கீது மாமா" என்று சிரித்தாய். பாடக்குறிப்பு இல்லை. இரண்டு கேமராவில் ஒன்றுக்கு நிறுத்துகிற கால் இல்லை, புத்தகங்களை அடுக்கி அதன்மேல் வைத்திருந்தாய். நாற்பத்தொன்று.

நீ என் மனைவியின் தம்பி. அதனால் கூட்டிப் போட்டேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. என் மகன் என் வகுப்பிலேயே படித்தபோது அவன் விடைத்தாளை மட்டும் இரண்டு முறை திருத்துவேன். இரண்டாம் முறை மதிப்பெண் குறையும், ஒருநாளும் கூடியதில்லை. இது கண்டிப்பு. கோபமில்லை.

உன் அக்காவுக்கு அந்த வித்தியாசம் விளங்கவில்லை. "எந்தம்பி கையால காபி வாங்கிக் குடிச்சிட்டு நாப்பத்தொண்ணு போட்டுக்கினு வந்து நிக்கிறியே, இன்னா மனுசன் நீ" என்று மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மதிப்பெண் பட்டியலை இதோடு வைத்திருக்கிறேன். அறிக்கையை மாதக் கடைசியில் கொடுக்க வேண்டும். சொல்ல ஏதாவது இருந்தால் சொல்.

அன்புடன்,
வேதாசலம்


செங்கல்பட்டு
6-5-2025

மாமா,

கடிதம் கிடைத்தது. பெயர், தேதி, இடம் எல்லாம் சரி. செய்திதான் தவறு.

பத்துப் பேர் எங்கே என்று என்னைக் கேட்டீர்களா? அன்று திங்கட்கிழமை. ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம். மனுவோடு சுற்றுவட்டாரமே வந்து வெயிலில் வரிசையில் நிற்கும். என் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் அதுதான் வகுப்பறை. போய்ப் பேசி, இரண்டு மணிக்குத் திரும்பி வந்து எழுத உட்காருவார்கள். நீங்கள் பன்னிரண்டரைக்கே "உத்திரமேரூர் வண்டி போயிடும்" என்று குடையை எடுத்துவிட்டீர்கள்.

வகுப்பில் இருந்த நான்கு பேர் யார் தெரியுமா? முந்தின வாரம் தப்பாக எழுதியவர்கள். திருத்தி எழுதச் சொல்லி உட்கார வைத்திருந்தேன். அந்த நான்கு முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள்.

உங்கள் பட்டியலில் பத்துத் தலைப்பு. சுவர், மின்விசிறி, கழிப்பறை, பதிவேடு. மாணவர் எழுதியது என்று ஒரு தலைப்புகூட இல்லை. தாம்பரத்தில் ஒரு பிள்ளை எழுதிய ஒரு பக்கத்தைப் படித்தீர்களா? சமையல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கப் போனவர் பாத்திரத்தை எண்ணிவிட்டு வந்திருக்கிறீர்கள், சாப்பிடாமலேயே.

இன்னொன்று. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் யார் பொறுப்புக்கு வரலாம், எந்த உறவுக்காரன் வரக் கூடாது என்றெல்லாம் ஆயிரம் வருடத்துக்கு முன்பே வெட்டி வைத்திருக்கிறார்கள். நான் தென்னேரிக்காரன், எனக்கே தெரியும். உறவுக்காரன் பெயர் வந்தால் விலகியிருக்கலாம். இல்லையென்றால் நேராக நின்று பார்த்திருக்கலாம். நீங்கள் என் பக்கம் சாய்ந்துவிடக் கூடாதே என்று அந்தப் பக்கம் சாய்ந்து நின்று பார்த்தீர்கள்.

என் பெயரை எடுத்துவிடுங்கள். ஆனால் அந்தப் பெண்ணை அனுப்புவதற்கு முன் தாம்பரத்துக்கு இன்னொரு முறை போங்கள். சொல்லாமல் போங்கள்.

நாற்பத்தொன்று வாங்கினவன் மூன்று வேளையும் சாப்பிடுகிறான் என்று அக்காவிடம் சொல்லவும்.

தமிழரசன்


பெருநகர்
17-5-2025

அன்புள்ள தமிழரசா,

உன் கடிதத்தைப் படித்தவுடன் பதில் எழுத உட்கார்ந்தேன். நான்கு பக்கம் எழுதினேன். எல்லாம் என் தரப்பு நியாயம். மறுநாள் காலையில் படித்தபோது எனக்கே அலுப்பாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

ஒரு பழைய கதை சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் வகுப்புக்கு ஆய்வு வந்தது. அன்று நடத்தப்போகும் பாடத்தை அதற்கு முந்தின வாரமே நான்கு முறை நடத்தி முடித்திருந்தேன். அதிகாரி பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். "கடல் நீர் ஆவியாகி மேலே போய்..." என்று நான் இழுப்பதற்குள் கோவிந்தம்மாள் என்ற பெண் எழுந்து "மேகம் சார்!" என்றாள். நான் இன்னும் கேள்வியே கேட்கவில்லை. அதிகாரி புன்னகையோடு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கும்.

தாம்பரத்துக் குறிப்புகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்த ஆசிரியர் "ஒரு செய்தியில் நாம் கேட்க வேண்டிய..." என்று தொடங்கியதும் ஒரு பையன் "ஆறு கேள்வி!" என்று எழுந்ததை நானே எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்தில் 'மாணவர் துடிப்பு, பத்துக்குப் பத்து' என்று குறித்திருக்கிறேன். நானே செய்த வித்தை, தமிழரசா. என்னிடமே யாரோ செய்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

புதன்கிழமை நதியாவை அழைத்துக்கொண்டு சொல்லாமல் போனேன். வகுப்பு நடக்கவில்லை. ஸ்டுடியோவில் ஒரு கல்யாணப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் அந்த அறை வாடகைக்குப் போகிறதாம். கீழே டீக்கடையில் பூஜா என்று அங்கே படிக்கிற பெண் ஒருத்தி நின்றாள். எட்டு மாதமாகப் படிக்கிறாளாம். எத்தனை செய்தி எழுதினாய் என்று கேட்டேன். "எழுதறது இன்னும் வரல சார். தியரி முடியணும்" என்றாள்.

அதோடு நான் கிளம்பியிருப்பேன். நதியாதான் கேட்டாள்: "நீ செஞ்சது ஒண்ணு காட்டுக்கா, பாக்கறேன்."

அந்தப் பெண் கைப்பேசியில் ஒன்றைக் காட்டினாள். பச்சைத் திரைக்கு முன்னால் கோட்டுப் போட்டுக்கொண்டு செய்தி வாசிக்கிறாள். உச்சரிப்பு அருமை. மழை வெள்ளத்தைப் பற்றிய செய்தி. "நீ எழுதினதா?" என்றாள் நதியா. "இல்ல, சார் குடுத்தது. எல்லாருக்கும் அதான்" என்று அடுத்தவர்களுடையதையும் தள்ளித் தள்ளிக் காட்டினாள். அதே கோட்டு, அதே வெள்ளம். முப்பது முகம், ஒரே செய்தி.

திரும்பி வரும் பேருந்தில் வாலாஜாபாத் தாண்டிய பிறகு நதியா சொன்னாள்: "நான் கம்பத்தப் பத்திப் பேசினது கோணலாத்தான் இருந்திச்சி சார். ஆனா அது நான் பேசினது."

எண்பத்தாறை அடித்துவிட்டேன். உன் நாற்பத்தொன்றை என்ன செய்வது என்று தெரியவில்லை. அங்கே குறைந்ததால் இங்கே கூடிவிடாது. அதற்காக ஒரு முழு நாள் உட்கார வேண்டும். இருபத்தாறாம் தேதி திங்கட்கிழமை நானும் நதியாவும் வரலாமா? கடைசி வண்டியில்தான் திரும்புவேன்.

வேதாசலம்

பி.கு: நான் எழுதும்போது உன் அக்கா தோளுக்கு மேலிருந்து படிக்கிறாள். "அவங்கிட்ட பாதிதான் இறங்கி வந்துகீற. மீதியையும் இறங்கு" என்கிறாள்.


செங்கல்பட்டு
21-5-2025

மாமாவுக்கு,

வாருங்கள். காலை ஒன்பதுக்கே வாருங்கள்.

அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் இந்தக் காகிதம் மேசைமேல் கிடந்தது.

ஒலிப்பதிவு சொல்லிக்கொடுத்த மோகன்குமார் பொங்கலோடு வேறு வேலைக்குப் போய்விட்டார். நான்கு மாதமாக என்னிடம் அதற்கு ஆள் இல்லை. எனக்குத் தெரிந்ததை வைத்துச் சமாளிக்கிறேன். தெரிந்தது கொஞ்சம். என் விளம்பரத் தாளில் 'ஒலிப்பதிவு: முழுப் பயிற்சி' என்று இன்னும் இருக்கிறது. யாராவது சேர வந்தால் அந்தத் தாளைத்தான் கையில் கொடுக்கிறேன்.

நீங்கள் கால் இல்லாத கேமராவைப் பார்த்தீர்கள். இதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நாற்பத்தொன்றுகூட வந்திருக்காது. தாம்பரத்துக்காரரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். அரை மணி நேரம்தான். பிறகு என் தாள் ஞாபகம் வந்தது. அவரிடம் முப்பது முகம் பொய். என்னிடம் ஒரு வரி பொய்.

அறிக்கையில் இதையும் சேருங்கள். அக்காவிடம் வேண்டாம்.

வருகைப் பதிவேடு ஒன்று வாங்கிவிட்டேன், நீல அட்டை போட்டது. உங்களுக்காக இல்லை.

தமிழரசன்


பெருநகர்
27-5-2025

அன்புள்ள தமிழரசா,

நேற்று நாள் முழுக்க உன் இடத்தில் இருந்தும் உன்னோடு பத்து வார்த்தை பேசவில்லை. நீ மாடியில் திருத்தி எழுதுகிறவர்களோடு உட்கார்ந்துவிட்டாய். நானும் நதியாவும் மற்றவர்களோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டோம். அங்கே நீ பார்க்காத ஒன்றை எழுதுகிறேன்.

உன் மாணவி இளமதி, மனுவோடு நின்ற ஒரு பெரியவரிடம் பேசினாள். பஞ்சாட்சரம் என்று பெயர். ஏரி மதகு உடைந்து கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்பது அவர் மனு. கால் மணி நேரம் கேட்டுக் குறித்துக்கொண்டாள். ஆயிற்று, கிளம்புவாள் என்று நினைத்தேன். அவளோ நோட்டைப் புரட்டி, "அய்யா, நீங்க சொன்னத எழுதிக்கினேன். படிக்கிறேன், சரியா பாருங்க" என்று அவருக்கே படித்துக் காட்டினாள். 'மூன்று வருடமாகத் தண்ணீர் இல்லை' என்ற இடத்தில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மூணு வருசம்னு நான் எங்கம்மா சொன்னேன்? மூணு போகம்னேன். பொய் சொல்லிட்டேன்னு நாளைக்கு ஆபீசுக்காரன் என்னியே புடிச்சிக்குவான்."

அவள் அடித்து எழுதினாள். மறுபடி படித்தாள். அவர் தலையாட்டிய பிறகுதான் நகர்ந்தாள். சுற்றிப் பார்த்தால் உன் பிள்ளைகள் எல்லோரும் அதையே செய்துகொண்டிருந்தார்கள். ஒருவன் கோபக்கார அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டே படித்துக் காட்டினான். "எங்க சார் வெச்ச பழக்கம். படிச்சிக் காட்டலேன்னா அந்தப் பக்கத்தப் பாக்கவே மாட்டாரு" என்றாள் இளமதி. நதியா அந்தப் பெரியவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாழ்க்கையில் யாரும் அவர் சொன்னதைத் திரும்ப அவருக்கு வாசித்திருக்க மாட்டார்கள்.

எனக்கு அங்கேயே ஒன்று உறைத்தது. நான் மூன்று இடத்தைப் பற்றி அறிக்கை எழுதினேன். யாரைப் பற்றி எழுதினேனோ அவர்களில் ஒருவருக்கும் படித்துக் காட்டவில்லை. உனக்கும், நீ சண்டை போட்டுக் கேட்ட பிறகுதான் அனுப்பினேன். அதனால் புதிய அறிக்கையை வட்டத்துக்குக் கொடுக்கும் முன் உனக்கு வாசிக்கிறேன். மதிப்பெண் இல்லை.

'செங்கல்பட்டில் பதினான்கு பேர் படிக்கிறார்கள். ஒவ்வொருவரும் இதுவரை இருபதுக்கும் மேற்பட்ட செய்திகளைத் தாமே எழுதியிருக்கிறார்கள். அவற்றில் முப்பதைப் படித்தேன். ஒன்றைப் போல் ஒன்று இல்லை. சொன்னவருக்கே படித்துக் காட்டித் திருத்தும் பழக்கம் உறுதியாக இருக்கிறது. கேமராக்கள் பழையவை. ஒலிப்பதிவுக்கு ஜனவரி முதல் பயிற்சியாளர் இல்லை. விளம்பரத்தில் இருப்பதாகச் சொல்லப்பட்டுள்ளது. இதைப் பயிற்சி நடத்துபவரே தெரிவித்தார். ஆள் நியமித்த பிறகு சேர்ப்பது நல்லது. நடத்துபவர் என் மைத்துனர். ஆகையால் முடிவை நான் சொல்லவில்லை. இரண்டு இடத்தையும் நேரில் பார்த்த நதியா சொல்லட்டும். போகிற வருடம் அவளுடையது.'

சரியா பார்.

உன் அக்காவிடம் ஒலிப்பதிவு விஷயத்தை நான் சொல்லவில்லை. கடிதத்தை அவளே பிரித்துப் படித்துவிட்டாள். "தானா ஒத்துக்கினான் பாரு, எந்தம்பி!" என்று அதற்கும் பெருமைதான்.

வேதாசலம்


செங்கல்பட்டு
30-5-2025

அன்புள்ள மாமா,

படித்தேன். ஒரு திருத்தம். பதினான்கு இல்லை, பதின்மூன்று. ஒருவன் மார்ச்சிலேயே நின்றுவிட்டான். எண்ணிக்கை குறைந்தால் கௌரவக் குறைவு என்று நான்தான் பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருந்தேன். புதுப் பதிவேட்டில் பெயர் எழுதும்போது அவன் பெயருக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. பதிவேட்டால் ஒரு பயன் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

வானொலியில் ஒலிப்பதிவு பார்த்து ஓய்வு பெற்ற தேவயானி அம்மா ஜூன் முதல் சனிக்கிழமைதோறும் வரச் சம்மதித்திருக்கிறார். முழுப் பயிற்சி ஆகாது. விளம்பரத்தில் 'ஒலிப்பதிவு: வாரம் ஒரு நாள்' என்று மாற்றிவிட்டேன். பழைய தாள்கள் சைக்கிள் கடைக்காரருக்குச் சக்கரம் துடைக்கப் போய்விட்டன.

நதியா என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம். வரவில்லை என்றாலும் அந்தத் திருத்தத்தைப் போட்டே கொடுங்கள்.

ஃபோன் செய்தால் இனி எடுப்பேன். ஆனால் கடிதம் நிற்க வேண்டாம். உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கிறது.

தமிழு


பெருநகர்
29-6-2025

அன்புள்ள தமிழு,

நதியா உன்னிடம் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. வட்டத்தின் கூட்டத்தில் அவளைக் கேட்டபோது ஒரே வரிதான் சொன்னாள்: "அந்தத் தாத்தா சொன்னத அவருக்கே படிச்சாங்களே, அங்கயே போறேன்." இது உனக்குத் தெரியும். நேற்று நடந்தது தெரியாது. தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். உன் குறும்பை நம்ப முடியாது.

சாயங்காலம் நோட்டும் பேனாவுமாக வந்து நின்றாள். 'ஒரு முடிவை மாற்றிக்கொண்டவரைப் பேட்டி எடுத்து வா' என்று நீ வேலை கொடுத்தாயாம். ஊரில் வேறு ஆளே இல்லை போலிருக்கிறது.

உட்கார வைத்தேன். உன் அக்கா ஒரு தட்டு அதிரசத்தை வைத்துவிட்டு நகராமல் கதவருகிலேயே நின்றாள். எல்லாம் கேட்டாள் அந்தப் பெண். எப்படிப் போனேன், என்ன பார்த்தேன், என்ன பார்க்கவில்லை. 'மேகம் சார்!' கதைக்கு நன்றாகச் சிரித்தாள். கடைசியில் கேட்டாள்: "எங்க சாருக்கு மொதல்ல ஏன் சார் நாப்பத்தொண்ணு போட்டீங்க?"

"உறவுக்காரங்கன்னா நான் கொஞ்சம் கண்டிப்பும்மா" என்றேன்.

எழுதிக்கொண்டாள். பிறகு நோட்டைப் புரட்டி, "சார், படிக்கிறேன். சரியா பாருங்க" என்று ஆரம்பித்தாள். ஒவ்வொரு வரியாக வந்தது. எல்லாம் நான் சொன்னதுதான். 'உறவினர் என்பதால் அவர் கண்டிப்புடன் நடந்துகொண்டார்' என்ற வரி வந்தது. அவள் நிறுத்தி என்னைப் பார்த்தாள். அந்த வரியை என் வாயிலிருந்து கேட்டபோது நன்றாகத்தான் இருந்தது. இன்னொருவர் வாசித்துக் கேட்டபோது, யாரோ ஒரு நல்ல வாத்தியாரைப் பற்றி எழுதியதுபோல இருந்தது. என்னைப் பற்றி இல்லை.

"அந்த ஒரு வார்த்தைய அடிச்சிடும்மா" என்றேன். "பயம்னு போடு. மச்சானுக்குக் கூட்டிப் போட்டான்னு நாலு பேர் சொல்லிடுவாங்களேன்னு பயம்."

அவள் அடித்தாள், எழுதினாள், மறுபடி படித்தாள். நான் தலையாட்டினேன். கதவருகிலிருந்து உன் அக்கா சொன்னாள்: "இத அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு மாசம் எனுக்கும் நிம்மதியா போயிருக்கும்."

நாளைக்கு இந்தக் கடிதத்தோடு அவள் எழுதிய பக்கமும் உன் மேசைக்கு வரும். படித்துக் காட்டித்தான் எழுதியிருக்கிறாள், திருப்பி அனுப்பாதே. எவ்வளவு மதிப்பெண் போடுவாயோ போடு. நான் கேட்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வா. அதிரசம் இன்னும் இருக்கிறது.

உன் மாமா,
வேதாசலம்